சூதாடிக்கு வேண்டுவது சாபமா, சிகிச்சையா?

சூதாடிக் கெட்டவன் ஒருவனைக் காணும்போது நம் சமூகம் வழக்கமாகக் கூறும் சொற்கள் மூன்று. “அவன் தலையெழுத்து” என்பது ஒன்று. “அவனுக்குச் சனி தசை” என்பது மற்றொன்று. “மானங்கெட்டவன், நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்டால் திருந்துவான்” என்பது மூன்றாவது. முதற்சொல் அவனைக் கைவிடுகிறது. இரண்டாம் சொல் அவனைப் பரிகாரக்காரனிடம் அனுப்புகிறது. மூன்றாம் சொல் அவனை வீட்டைவிட்டு விரட்டுகிறது. அவனைக் குணப்படுத்தும் சொல் இம்மூன்றில் ஒன்றேனும் உண்டா? இல்லை என்றே நாம் அறுதியிட்டுக் கூறுவோம்.

சூதாடுவோர் அனைவரும் நோயாளிகள் என்பது நம் வாதமன்று. ஆனால் சிலரிடத்தில் அது நோயாக முற்றுகிறது. அந்நோய்க்கு அறிவுலகம் கண்ட சிகிச்சையும் இருக்கிறது. சிகிச்சை இருக்கும்போது சாபமும் சத்தியமும் பரிகாரமுமே போதுமென்று இருப்பது அறியாமை மாத்திரமன்று, கொடுமையுமாகும். இதுவே நாம் இங்கு நாட்டப் புகுவது.

சூதை நோயென்பது மேனாட்டார் சொல்லிக்கொடுத்த புதுமை என்று சிலர் முகம் சுளிப்பர். அவர்கள் தம் வீட்டு அலமாரியிலுள்ள குறளை எடுத்து, அதிகாரங்களின் வரிசையை மாத்திரம் பார்க்கட்டும். 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை, 94-ஆவது சூது, 95-ஆவது மருந்து. கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவே சூதை வைத்தார் வள்ளுவர். சூதில் வென்ற பொருளையே மீனின் வாயிலகப்பட்ட தூண்டிலுக்கு அவர் ஒப்பிட்டார். இழக்க இழக்க ஆசை வளரும் விந்தையையும் அவ்வதிகாரத்தின் இறுதியிலே எடுத்துக் காட்டினார். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டிலேதான் சூதுவெறியை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டிலேதான் அதனை மதுவெறிக்கு அருகில் கொண்டுபோய் வைத்தது. இழந்ததைப் பிடிக்க மறுநாளே மீண்டும் ஓடுதல் அந்நோயின் ஒன்பது அறிகுறிகளுள் ஒன்று என்று அச்சங்கம் எழுதியிருக்கிறது. ஓராண்டுக்குள் அவ்வொன்பதில் நான்கு காணப்பட்டால் அது நோய் என்பது அவர்கள் விதி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலும் இவ்வாறே சூதை அடிமைப் பழக்கங்களோடு வகுத்துள்ளது. கள்ளின் பக்கத்தில் சூதை நிறுத்திய தமிழ்ப் புலவனைப் போற்றுவோர், அவ்விடத்திற்கு இன்று வந்து சேர்ந்துள்ள மருத்துவரைக் கண்டு அஞ்சுவானேன்?

இனி, “எல்லாம் கலியின் வேலை, நளனுக்கே நேர்ந்ததல்லவா?” என்று கதை சொல்லும் பெரியோர்க்கு வருவோம். கலி புகுந்ததால் நளன் சூதாடி நாடிழந்தான் என்னும் பாதியை மாத்திரம் இவர்கள் சொல்லுகின்றனர். கலி அவனைவிட்டு நீங்கியது எப்பொழுது? இருதுபன்னனுக்குத் தேரோட்டிச் செல்லும் வழியிலே, தான்றிமரத்தின் காய்களை எண்ணும் வித்தையை அவ்வரசன் கற்பிக்க, அக்கணக்கைக் கற்ற அப்பொழுதே கலி வெளியேறியது என்பதன்றோ கதை? அங்கே எலுமிச்சம்பழம் அறுக்கப்படவில்லை, தாயத்துக் கட்டப்படவில்லை. எண்ணத் தெரிந்தவனிடத்தில் கலிக்கு இடமில்லாமற் போயிற்று. (பின்னர் நளன் மீண்டும் சூதாடியே நாட்டைப் பெற்றான் என்று கதை முடிகிறது. அப்பகுதியைப் பின்பற்றுமாறு நாம் எவருக்கும் சொல்லோம்.)

நாமும் சிறிது எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூரில் விற்கும் நான்கு இலக்கச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை எண்கள் 10,000. ஒவ்வொரு குலுக்கலிலும் பரிசு பெறும் எண்கள் 23. ‘பெரிய’ பந்தயத்தில் ஒரு வெள்ளி கட்டினால் முதற்பரிசு 2,000 வெள்ளி; இரண்டாவது 1,000; மூன்றாவது 490. அடுத்த பத்து எண்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 250. ஆறுதற் பரிசு பத்துக்கும் ஒவ்வொன்றுக்கு 60. எல்லா எண்களையும் ஒருவனே ஒவ்வொரு வெள்ளி கட்டி வாங்கினான் என்று கொள்வோம். அவன் கொடுத்தது 10,000 வெள்ளி. அத்தனைப் பரிசையும் அவனே அள்ளினாலும் அவன் கைக்குத் திரும்புவது 6,590 வெள்ளி. எந்தத் தெய்வம் எந்த எண்ணைக் கனவிலே காட்டினாலும், சீட்டு வாங்குவோர் அனைவரையும் சேர்த்து நோக்குமிடத்து நூற்றுக்கு முப்பத்துநான்கு நெடுங்காலத்தில் போனது போனதே. வாரத்துக்கு மூன்று குலுக்கலாக ஆண்டுக்கு 156 குலுக்கலிலும் ஒரே எண்ணை விடாது பிடிப்பவனுக்கு முதற்பரிசு சராசரியாக 64 ஆண்டுக்கொரு முறை விழும். ஒரு மனிதன் வேலைக்குப் புகுந்து, ஓய்வு பெற்று, பேரனையும் கண்டுவிடும் காலம் அது!

இக்கணக்கு எளிது. இதனைச் சொல்லிவிட்டால் சூதாடி திருந்திவிடுவானா? திருந்தமாட்டான். இங்கேதான் பிரசங்கிகளும் சில பகுத்தறிவாளர்களும் ஒருங்கே தவறுகின்றனர். ஆடும் வேளையில் அவன் மனத்திலே ஓடுவது இந்தக் கணக்கன்று, வேறொரு கணக்கு. அந்த வேறு கணக்கைத்தான் மனோதத்துவ நூலார் ஆராய்ந்து வந்திருக்கின்றனர்.

1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் மாண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்திலே சுழல்வட்டில் உருண்டை தொடர்ந்து இருபத்தாறு முறை கறுப்பிலேயே விழுந்தது. “இத்தனை முறை கறுப்பு வந்தபின் அடுத்தது சிவப்புத்தான்” என்று ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பிலே பணத்தைக் கொட்டியவர்கள் பெரும்பொருள் இழந்தனர். உருண்டைக்கு நினைவு உண்டா? சென்ற முறை எங்கே விழுந்தோம் என்று அது எண்ணி வெட்கப்படுமா? “இந்த எண் வந்து வெகுநாளாயிற்று, இனி வந்தே தீரும்” என்று நம் கடைத்தெருவிலே பேசுகின்றவரும் அதே மண்டபத்திலேதான் நிற்கின்றனர்.

1975-ஆம் ஆண்டில் எலன் லாங்கர் என்னும் அமெரிக்க அம்மையார் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு டாலர் விலையுள்ள சீட்டைச் சிலருக்குத் தாமே தேர்ந்தெடுக்க விட்டார்; சிலருக்குக் கையிலே கொடுத்துவிட்டார். பின்னர் அதைத் திருப்பி விற்க என்ன விலை வேண்டுமென்று கேட்டபோது, கொடுக்கப்பட்டவர் சராசரி 1.96 டாலர் கேட்டனர். தாமே எடுத்தவர் 8.67 டாலர் கேட்டனர். சீட்டு ஒன்றே, வெல்லும் வாய்ப்பும் ஒன்றே. கூடியிருந்தது ‘என் கை’ என்னும் மயக்கம் ஒன்றுதான். நம்மவர் இதனைக் ‘கைராசி’ என்பர். மகள் பிறந்த தேதி, மோதிய வண்டியின் எண், சாமியாடி உளறிய எண் என்று பொறுக்கியெடுக்கும் ஒவ்வொன்றும் இம்மயக்கத்தின் குழந்தையே.

மூன்றாவது மயக்கம் மிகவும் கொடியது. 2437-ஐ வாங்கியிருக்க 2436 விழுந்தால், “ஒரே எண்ணில் தவறிவிட்டது, நெருங்கிவிட்டோம்” என்று அவன் துள்ளுகிறான். 2436-க்கும் 2437-க்கும் உள்ள உறவு, குலுக்கலைப் பொறுத்தவரையில், 9871-க்கும் 2437-க்கும் உள்ள உறவேயன்றி வேறன்று. நூலிழையில் தவறிய தோல்வி, வெற்றி பெறும்போது கிளர்ச்சியுறும் மூளைப் பகுதிகளையே கிளறி, மேலும் ஆடும் ஆசையைத் தூண்டுகிறது என்று 2009-ஆம் ஆண்டில் லூக் கிளார்க்கும் அவர் குழுவினரும் காட்டினர். தோல்வியே வெற்றியின் வேடமிட்டு வந்து மனிதனை அழைக்கிறது. இவ்வழைப்பை “உனக்கு வெட்கமில்லையா?” என்னும் ஒரு கேள்வியால் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவோரின் அறியாமைக்கு என்ன சொல்வது?

இவ்வெண்ணங்களைத் திருத்துவதற்கு ஏற்பட்டதே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது. எண்ணச் சிகிச்சை என்று நாம் சுருக்கிச் சொல்வோம். 1955-இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவரும், 1960-களில் ஆரன் பெக் என்பவரும் அமெரிக்காவில் இவ்வழிக்கு அடிகோலினர். மனிதனைத் துன்புறுத்துவது நிகழ்ச்சி மாத்திரமன்று, நிகழ்ச்சியைப் பற்றி அவன் கொள்ளும் எண்ணமுமாகும். எண்ணத்தை ஆராய்ந்து திருத்தினால் நடத்தை திருந்தும். நடத்தையை மாற்றிப் பழகினால் எண்ணமும் திருந்தும். இதுவே அதன் சாரம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ராபர்ட் லாடசூரும் அவர் கூட்டாளிகளும் இதனைச் சூதாடிகளுக்கென்று வகுத்தனர். ஆடும்போது மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லுமாறு ஆடுவோரைக் கேட்டு, அவர்கள் சொன்னவற்றுள் பெரும்பாலானவை பிழையான எண்ணங்கள் என்று 1989-இல் அவர்கள் வெளியிட்டனர்.

இச்சிகிச்சையில் மந்திரம் எதுவுமில்லை. நோயாளி ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்கிறான். ஆசை எழுந்தது எந்த நாள், எந்த வேளை, எந்த இடம், கையில் எவ்வளவு பணம், வீட்டில் என்ன சண்டை, அப்போது மனம் சொன்ன வாக்கியம் யாது என்று எழுதுகிறான். சில வாரங்களில் அவன் சனியின் முகம் அவனுக்கே தெரிந்துவிடுகிறது. அது வானத்திலில்லை. சம்பள நாள் மாலையில், வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழியிலுள்ள கடையில் இருக்கிறது. இன்று அவன் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிலும் இருக்கிறது. பின்னர் அந்த வாக்கியங்களை மருத்துவரும் அவனும் சேர்ந்து விசாரணை செய்கின்றனர். “இன்று வரும் என்று தோன்றியது” என்றால், இதற்கு முன் அப்படித் தோன்றியது எத்தனை முறை? வந்தது எத்தனை முறை? ஏட்டைப் பார்த்து அவனே பதில் சொல்லவேண்டும். வழியை மாற்றிக்கொள்ளுதல், சம்பளத்தை மனைவியின் பொறுப்பில் விடுதல், காலியான மாலைப்பொழுதை வேறொன்றால் நிரப்புதல், கடன்காரரை ஒளியாது சந்தித்துத் தவணை பேசுதல், ஒருமுறை வழுக்கினால் எல்லாம் போயிற்று என்று மீண்டும் குதியாமல் உடனே எழுந்து நிற்றல் ஆகியவை மற்றொரு பாதி.

இதனால் பயன் உண்டா என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவில் நான்சி பெட்ரி என்பவரும் அவர் கூட்டாளிகளும் சூதுநோயுற்ற 231 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2006-இல் வெளிவந்தது. 1957-இல் தோன்றிய ‘பெயர் கூறாச் சூதாடிகள்’ என்னும் தோழமைக் கூட்டத்துக்குச் செல்லுமாறு சொல்லப்பட்டவரைவிட, அதனோடு எண்ணச் சிகிச்சையும் பெற்றவர் சூதைக் கூடுதலாகக் குறைத்தனர். பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2012-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்புரை, சிகிச்சை முடிந்து 3 மாதம் வரையில் நன்மை தெளிவென்றும், நெடுங்கால நன்மைக்கு அன்றைய சான்று போதாதென்றும் கூறிற்று. நடுவிலே விட்டுப் போகின்றவரும் பலர். இவற்றை மறைக்க நாம் விரும்பவில்லை. மறைத்துப் பேசுவது பரிகாரக்காரனின் தொழில். இங்கிலாந்திலே அரசாங்க மருத்துவத்துக்கு நெறி வகுக்கும் ‘நைஸ்’ நிறுவனம் 2025 ஜனவரியில் சூதுக்கேட்டுக்கு இச்சிகிச்சையையே பரிந்துரைத்துள்ளது. தன் குறையைத் தானே அளந்து வெளியிடும் சிகிச்சையையும், நூறு முறை பொய்த்தும் ஒருமுறையேனும் கணக்குக் கொடாத பரிகாரத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

“நம் குலதெய்வத்தின் முன் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினால் போதாதா?” என்பர் சிலர். சத்தியத்தை நாம் இகழவில்லை. ஆனால் சத்தியம் செய்தவனுக்குச் சம்பள நாள் மாலையில் எந்த வழியாக வீட்டுக்குப் போவது என்று அது சொல்லிக்கொடுப்பதில்லை. சத்தியம் முறிந்த அன்று ‘தெய்வமும் கைவிட்டது’ என்ற எண்ணம் கூடுகிறது. அந்த வெட்கத்தை மறக்க அவன் ஓடுவதும் அதே இடத்துக்கே.

“கடனை அடைத்துவிட்டால் திருந்துவான்” என்று தாலியையும் நிலத்தையும் அடகு வைக்கும் தாய்மாரும் மனைவிமாரும் உள்ளனர். அவர்தம் அன்பை வணங்கியே சொல்லுகின்றோம்: நெருக்கடியிலிருந்து மீளப் பிறர் பணத்தை நம்பி நிற்பதும் மேற்சொன்ன ஒன்பது அறிகுறிகளுள் ஒன்று. நோயைத் தொடாமல் கடனை மாத்திரம் அடைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். அந்த நகை போகுமுன் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு சொல். சிங்கப்பூரில் 2005-இல் தேசியச் சூதாட்டப் பிரச்சினை மன்றம் அமைந்தது. 2010-இல் இரண்டு சூதாட்ட மண்டபங்கள் திறக்கப்பட்டன. குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவனை மண்டபத்துள் புகாது தடுக்கும் ஆணையும் உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே புகுவதற்கான கட்டணம் 2019-இல் 100 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது. மனநலக் கழகத்தில் அடிமைப் பழக்கங்களுக்கென்று தேசியச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. இவை நல்லனவே. ஆயினும், சீட்டு விற்ற பணத்தின் உபரி அறச்செயலுக்குத்தானே போகிறது என்று பெருமை பேசுவோரை நாம் கேட்கின்றோம்: அந்த அறத்தின் முதற்செலவு யாருடைய அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது? சூதாடியின் எண்ணத்தைத் திருத்துவது மருத்துவர் கடமை. அவ்வெண்ணத்தை மூட்டும் கடையும் விளம்பரமும் எத்தனை இருக்கலாம் என்று கேட்பது குடிமக்கள் கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இச்சிகிச்சை சொல்லால் நடப்பது. மாத்திரையை எம்மொழியில் விழுங்கினாலும் ஒன்றே. எண்ணத்தையோ அது பிறந்த மொழியிலேதான் பிடிக்க முடியும். தமிழன் மனத்தில் ஓடுவது ‘யோகம்’, ‘ராசி’, ‘சகுனம்’, ‘கண்டம் கழிந்தது’, ‘இன்று கை அரிக்கிறது’ என்பவையே. அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து மருத்துவரிடம் சொல்லத் தெரியாதவன், பிடிபடாத எண்ணத்தோடேயே வீடு திரும்புவான். ஆகவே குறிப்பேடும் பயிற்சி நூலும் நல்ல தமிழில் வேண்டும். தமிழில் கேட்டுத் தமிழில் விசாரிக்கும் பயிற்சி பெற்றோர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெருக வேண்டும். நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் குடிமுழுகிப் போகாது.

பத்திரிகைகளும் கோயில் நிர்வாகிகளும் தப்ப முடியாது. முதற்பக்கத்திலே சூதின் தீமையைப் பற்றித் தலையங்கம் எழுதி, உட்பக்கத்திலே ராசிக்கு ராசி அதிர்ஷ்ட எண் அச்சிடும் ஏடு எந்த முகத்தோடு சீர்திருத்தம் பேசும்? எண் கேட்டு வருகிறவனிடம் தட்சிணை வாங்கிக்கொண்டு நாலு இலக்கம் எழுதிக் கொடுப்பவன் கோயில் வாசலில் உட்கார நிர்வாகம் இடங்கொடுப்பது எந்த ஆகமத்தில் உள்ளது?

சூதாடியைச் சபிப்பது எளிது. அதற்கு அறிவும் வேண்டா, செலவும் வேண்டா. அவனுக்குப் பரிகாரம் சொல்வது அதைவிட எளிது. அதில் வருமானமும் உண்டு. அவனருகில் உட்கார்ந்து, அவன் எண்ணத்தை அவனுக்கே காட்டி, வாரம் வாரமாக அவனை வெளியே நடத்திக்கொண்டு வருவதே அரிது. அந்த அரிய பணியைச் செய்யவல்ல சிகிச்சை நம் வாசலில் வந்து நிற்கிறது. கள்ளின் கேட்டைச் சொல்லி, சூதின் கேட்டைச் சொல்லி, அடுத்து மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தவன் பேரால் மேடைதோறும் முழங்கும் நாம், முதலிரண்டை மனப்பாடம் செய்துவிட்டு மூன்றாவதை மூடிவைப்பது முறையாகுமா?